பட்டினி கிடந்த மாப்பிள்ளை

மார்ச் 2

இன்று காலை ஒரு பாம்புக்குத் தாலாட்டுப் பாடினேன்.

வேறு யாரிடமும் சொல்ல முடியாது என்பதால்தான், ஆறு வருடமாக டிராயரில் கிடந்த இந்த நோட்டைத் திறந்திருக்கிறேன். பாடியதில்கூட வெட்கமில்லை. மூன்றாவது அடி மறந்துபோய் "லாலலா லாலலா" என்று ஒப்பேற்றிக்கொண்டிருந்தபோது, தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவர் பின்னால் நின்றிருந்தார். கதவு திறந்தே கிடந்திருக்கிறது. "குழந்தை தூங்குதாம்மா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ம்" என்றேன். குழந்தைப் பிரியர் போலிருக்கிறது, இரண்டு எட்டு முன்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

மீட்டர் எண்ணை இனிமேல் நானே போனில் சொல்லிவிட வேண்டுமாம்.

இதில் கொடுமை என்னவென்றால், பாம்புக்கு நம் பாட்டெல்லாம் பெரிதாகக் கேட்காது, தரையின் அதிர்வுதான் தெரியும் என்று மகள் எழுதிக் கொடுத்த நோட்டில் நான்காம் பக்கத்தில் தெளிவாக இருக்கிறது. நான் மூன்றாம் பக்கம் வரைதான் படித்திருந்தேன். ஆக, என் தாலாட்டு அதற்கு ஏதோ லாரி போகிற மாதிரி இருந்திருக்கும்.

மார்ச் 3

நான் திடீரென்று போய்ச் சேர்ந்து, இந்த நோட்டு யார் கையிலாவது சிக்கினால் பைத்தியம் என்று நினைத்துவிடுவார்கள். அதனால் ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

வயது ஐம்பத்து மூன்று. சலவைக் கடையில் துணி வாங்கிச் சீட்டுக் கொடுக்கும் முன்மேஜை உத்தியோகம், பத்தொன்பது வருடம். சட்டைக் காலரைப் பார்த்தே அந்த வீட்டில் யாரோடு யாருக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்று சொல்லிவிடுவேன். என் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதும் வலது கால் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்கும். ஒரே மகள். இருபத்து நான்கு வயது. வங்கியில் வேலை பார்த்தாள். பார்த்தாள்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் கண்ணாடித் தொட்டியோடு வந்து நின்றாள். வங்கி வேலையை விட்டாயிற்று, ரயிலில் ஏழு மணி நேரம் தள்ளி ஒரு விலங்குப் பூங்காவில் பாம்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை, நாளைக்குச் சேரணும், அங்கே விடுதியில் சொந்தப் பிராணி வைக்கக்கூடாது, "அம்மா, இவனை நீ பாத்துக்கிறியா?" — எல்லாம் ஒரே மூச்சில். நானும் ஒரே மூச்சில் பதில் சொன்னேன். கூண்டு கழுவவா உன்னைப் படிக்க வச்சோம் என்றேன். இன்னும் என்னென்னவோ. கடைசியில், "போறவ போ. ஆனா எனக்குப் போன் பண்ணாத" என்றேன்.

சொன்ன பேச்சைக் கேட்கிற பெண் என்று அவளை நான் ஊரெல்லாம் பெருமை அடித்திருக்கிறேன். இதையும் கேட்டுவிட்டாள்.

தொட்டியை மட்டும் விட்டுப் போனாள். மேலே ஒரு நோட்டு, இருபத்திரண்டு பக்கம், கோடு போட்டு, தலைப்பு போட்டு. அது இங்கே வந்து அவசரத்தில் எழுதியதில்லை. உட்கார்ந்து பல நாள் எழுதியது. அதாவது, நான் கத்துவேன் என்றும் தெரியும். கத்திவிட்டு வைத்துக்கொள்வேன் என்றும் தெரியும்.

மார்ச் 4

அப்பாவும் மகளும் பால்கனியில் போனில் பேசுகிறார்கள். நான் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் துணி மடிக்கிறேன். அதே துண்டை நான்கு தடவை மடித்தேன்.

மார்ச் 6

ஆசாமியைப் பற்றி எழுத வேண்டும். ரத்த மலைப்பாம்பு என்று பெயர். பெயரைக் கேட்டு நான்தான் முதல் வாரம் தொட்டி இருந்த அறைக்கே போகவில்லை. விஷம் கிடையாது. நிறம்தான் ரத்தம். எனக்கு அப்படித் தெரியவில்லை. காபிக் கறை மேல் மாதுளைச் சாற்றைக் கொட்டி, பயந்துபோய் வெந்நீரில் அலசினால் வருமே, அந்த நிறம். எங்கள் கடையில் எந்த மருந்து போட்டாலும் போகாது. வாடிக்கையாளரிடம் "இதுவே அழகா இருக்குங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

நீளம் அதிகமில்லை, என் இடுப்பு உயரம். ஆனால் பருமன்! குளியல் துண்டை இறுக்கிச் சுருட்டிய மாதிரி. வால் மட்டும் யாரோ அவசரத்தில் முடித்த மாதிரி சட்டென்று நின்றுவிடும். இந்த உடம்புவாகில் எனக்கு அதனோடு ஒரு சொந்தம் உண்டாகிவிட்டது.

கிட்டே போனால் "புஸ்ஸ்ஸ்" என்று பெருமூச்சு விடுகிறது. வீட்டுக்காரர் அறை வாசற்படியோடு நின்றுவிடுவார், உள்ளே ஒரு கால் வைக்கமாட்டார். எனக்குப் பயமில்லை. கடையில் ஆவி இஸ்திரி மிஷின் பத்தொன்பது வருடமாக என்னைப் பார்த்து அப்படித்தான் பெருமூச்சு விடுகிறது. இரண்டு கையாலும் அடியில் தாங்கித் தூக்கினேன், ஒன்பதாம் பக்கத்தில் எழுதியபடி. உடம்பு தொங்கக்கூடாது, தொங்கினால் பயப்படுமாம். மடியில் வைத்தேன். கனமாக, குளிர்ச்சியாக, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு என் முழங்கை மடிப்பில் தலையைச் செருகிக்கொண்டது.

நான் இதுவரை ஒரு தங்கமீன்கூட வளர்த்ததில்லை.

வீட்டுக்காரர் வாசற்படியிலிருந்து, "என்ன, மாப்பிள்ளை வசதியா இருக்காரா?" என்றார். பொண்ணு கூட்டிக்கிட்டு வந்தாள், நம் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது, எதற்கெடுத்தாலும் முறைக்கிறது, வேறென்ன என்கிறார். பெயர் நிலைத்துவிட்டது.

மார்ச் 9

நோட்டின்படி இன்றுதான் முதல் சாப்பாடு. மகள் கொடுத்துவிட்டுப் போன பிறகு ஒரு மாதம், இடம் பழகட்டும் என்று விட்டிருந்தோம். பிராணிக் கடையில் வாங்கிய உறைந்த எலியை வெந்நீரில் வைத்து இளக்கி, துடைத்து, நீள இடுக்கியில் பிடித்து நீட்டினேன். மாப்பிள்ளை தலையைத் தூக்கினார். நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தார். பிறகு, சாம்பாரில் உப்பு போதவில்லை என்று வாயால் சொல்லாத கனவான் போல, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இருபத்தைந்து நிமிடம் நின்றேன். கை மரத்துப்போயிற்று. எலியை வீட்டுக்காரரிடம் கொடுத்து, கீழே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு, குளிக்கப் போய்விட்டேன். எலி வாடை போக எனக்கு அரைமணி நேரமாவது வேண்டும்.

குளிக்கும்போது அழுகை வந்தது. சோப்பு கண்ணில் பட்டது என்று எழுதலாம். என் நோட்டில் எனக்கே பொய்யா? அவள் விட்டுவிட்டுப் போனது இது ஒன்றுதான். இதுவும் என் கையில் செத்துப்போனால்?

வெளியே வந்தபோது இவர் என் போனை நீட்டினார். அவள் எண்ணை ஏற்கெனவே அழுத்தியிருந்தார். "நீயே கேளு" என்றார். மணி அடிக்கிறது. என்ன செய்வேன்.

"அம்மா?"

"உன் பாம்பு சாப்பிடல."

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, சொல்லும்மா. தொட்டியில வெப்பம் எவ்வளவு காட்டுது?"

பதினோரு நிமிடம் பேசினோம். பாம்பைப் பற்றி மட்டும்.

மார்ச் 10

அவளே கூப்பிட்டாள். "சாப்பிட்டானா?" என்றாள். தினமும் சாப்பிடாது, பத்துப் பதினைந்து நாளைக்கு ஒன்றுதான் என்று அவளே எழுதியிருக்கிறாள். அதை நான் சுட்டிக்காட்டவில்லை.

மார்ச் 13

தினமும் கூப்பிடுகிறாள். தினமும் ஒரே ஒரு யோசனை சொல்கிறாள். மொத்தமாகச் சொல்லித் தொலைத்தால் என்ன? நேற்று: ஒளிந்துகொள்ளும் பெட்டி இன்னும் சின்னதாக இருக்கணும். இன்று: தொட்டியின் மூன்று பக்கமும் அட்டை வை, வெளியே ஆட்கள் நடமாடுவது தெரியக்கூடாது. நாளைக்கு என்னவோ.

"அங்க சாப்பாடெல்லாம் எப்படி?" என்று கேட்டேன். வாய் தவறி வந்துவிட்டது.

"யாருக்கும்மா?"

"பாம்புகளுக்குத்தான்" என்றேன்.

மார்ச் 14

இன்றைய யோசனை: ஈரப்பதம் போதாது, கூட்டு.

ஈரப்பதமா? யாரிடம் சொல்கிறாய், யார் நான்? கடையிலிருந்து கையில் பிடிக்கும் ஆவி மிஷினை எடுத்துவந்து, தொட்டி மூடியின் ஓட்டை வழியாக நிதானமாக ஆவி விட்டேன், மேலே படாமல், கல்யாண உடுப்புக்கு விடுவதுபோல. ஈரமானியில் முள் தொண்ணூற்று ஐந்துக்குப் போய் நின்றது. கண்ணாடி முழுக்கப் பனி. உள்ளே மாப்பிள்ளை இருக்கிறாரா, ஆவியாகிவிட்டாரா தெரியவில்லை. துடைத்துப் பார்த்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மூக்கு ஒட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

போனில் சொன்னேன். அவள் சிரித்தாள். சத்தமாக, மூச்சு வாங்க, சின்ன வயதில் சிரிப்பதுபோல. "அம்மா, அவனை என்ன, இஸ்திரி போட்டியா?"

போனை வைத்த பிறகு வீட்டுக்காரரிடம், "ஏங்க, என்னைப் பார்த்து இப்படிச் சிரிக்கிறா" என்று புகார் சொன்னேன். புகார் மாதிரி வரவில்லை.

மார்ச் 19

இரண்டாம் எலி. முகத்தைத் திருப்பிக்கொண்டது. இவரிடம் கொடுத்துப் போடச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். மகளிடம் இருபது நிமிடம்.

மார்ச் 23

மேல்வீட்டு அக்கா இன்று மாடிப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குத் தெரியாமல் இந்தக் கட்டடத்தில் யாருக்கும் சளிகூடப் பிடிக்காது.

"கேள்விப்பட்டேன். எங்ககிட்டயெல்லாம் சொல்லாமலே முடிச்சிட்டீங்க. பரவால்ல. மாப்பிள்ளை இங்கதான் இருக்காராமே?"

எங்கள் வீட்டுப் பேச்சு மேலே எப்படிப் போகிறது என்று இப்போது தெரிந்துகொண்டேன். குளியலறை ஜன்னல்.

"ஆமாக்கா" என்றேன். ஒரு நிமிடச் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்.

"ரெண்டு வாரமா சாப்பிடலையாமே? என்ன கோபம்?"

"எலி பிடிக்கல போலிருக்கு."

அக்கா கையை விட்டுவிட்டார். பிறகு கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். வாசற்படியில் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பார்த்தார். "குணம் எப்படி?" என்று மட்டும் கேட்டார். பேசமாட்டார், குடிக்கமாட்டார், எங்கும் போகமாட்டார் என்றேன். "அப்ப விட்டுடாதீங்க" என்றார்.

மார்ச் 30

மூன்றாம் எலி. இல்லை.

ஏப்ரல் 4

காலையில் பார்த்தால் கண் இரண்டும் நீலமாகப் பால் படிந்தாற்போல. குருடாகிவிட்டது! பட்டினியில் பார்வை போய்விட்டது! கடைக்குப் போகும் வழியில் நடுத்தெருவில் நின்று போன் போட்டேன். அவள் வேலை நேரம். இருந்தும் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அம்மா, அம்மா, அழாத. சட்டை உரிக்கப் போறான். பதினாறாம் பக்கம் பாரு."

பதினாறாம் பக்கத்துக்கு நான் இன்னும் வரவில்லை. அவளுடைய கையெழுத்து தீர்ந்துபோய்விடுமே என்று இப்போதெல்லாம் வாரத்துக்கு ஒரு பக்கமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இதை அவளிடம் சொல்லவில்லை.

தெருவில் நின்றவள், சட்டென்று, "அன்னைக்கு நான் —" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்மா" என்றாள். "ஈரப்பதம் எவ்வளவு காட்டுது?"

"அறுபத்தெட்டு."

"ரொம்பச் சரி. நீ நல்லாப் பாத்துக்கிறம்மா."

பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. நான் சாலையின் நடுவில் நின்றிருந்தேன். உள்ளே பார்த்தால் எங்கள் வீட்டுக்காரரின் மாணவி ஒருத்தி, ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு. பக்கத்தில் இவர், பிரேக்கில் ஏறி நிற்கிறார். என் முகத்தைப் பார்த்தார். மாணவியிடம், "இந்த மாதிரி பொம்பளைங்க குறுக்க வந்தா பொறுமையா நிக்கணும்மா, திட்டக்கூடாது" என்று பாடம் எடுத்தார்.

ஏப்ரல் 8

சட்டை உரித்துவிட்டது. ஒரே துண்டு, தலையிலிருந்து வால் வரை, கண்ணுக்கு மேல் இருந்த சின்ன மூடிகள் உட்பட. கடையில் எத்தனையோ மெல்லிய பட்டு பார்த்திருக்கிறேன், இந்த நெசவைப் பார்த்ததில்லை. இஸ்திரி அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எங்கள் கடையில் இஸ்திரி போடுகிறவர், துணி விஷயத்தில் சாதாரணமாக எதையும் மெச்சமாட்டார். விரலில் வைத்துப் பார்த்துவிட்டு, "தண்ணியில போடாத. குறைஞ்ச சூடு" என்றார்.

புதுச் சட்டையில் மாப்பிள்ளை மாதுளம்பழம் மாதிரி மின்னுகிறார். பட்டினி கிடந்தும் மெலிந்த மாதிரி தெரியவில்லை. எனக்கும் இந்தக் கொடுப்பினை உண்டு, நானும் எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் இப்படித்தான்.

ஏப்ரல் 10

நான்காம் எலி. இல்லை. "பாவம், சட்டை உரிச்ச களைப்பா இருக்கும்" என்றார் வீட்டுக்காரர். இவருக்கும் அதன்மேல் கொஞ்சம் பாசம் வந்துவிட்டதோ? எலியைக் கையில் வாங்கிக்கொண்டு ரொம்பப் பதமாகத்தான் கீழே இறங்கிப் போனார்.

ஏப்ரல் 15

எப்படி எழுதுவது. மாப்பிள்ளை இன்று வெளிக்குப் போனார்.

வந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. இந்த ஜாதி மாதக்கணக்கில் அடக்கி வைத்திருக்கும் என்று பதினெட்டாம் பக்கம். அடக்கி வைத்ததை இன்று வட்டியும் முதலுமாகத் தீர்த்தது. ஒரு வாய் சாப்பிடாத உடம்பிலிருந்து இவ்வளவா? நான் மூக்கைப் பொத்திக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கையிலேயே, வாசற்படியைத் தாண்டாத மனிதர் கையுறையோடு உள்ளே வந்து, "நீ போ, நீ போ, நான் பாத்துக்கிறேன்" என்று மளமளவென்று சுத்தம் செய்துவிட்டார். எங்கள் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு நாள் செய்ததுண்டா?

மகளிடம் சொன்னேன். "அப்பாவா?" என்றாள். பிறகு இருமினாள். அங்கே குளிரோ என்னவோ. கஷாயம் மாதிரி ஏதாவது குடி என்று மூன்று தடவை சொன்னேன்.

ஏப்ரல் 21

ஐந்தாம் எலி.

வேணாம். எழுதப் பிடிக்கல. என்னதான் செய்யறது? பெட்டி மாத்தியாச்சு, அட்டை வெச்சாச்சு, வெப்பம் சரி, ஈரம் சரி. எல்லாம் சரி, நான் நீட்டினா மட்டும் மூஞ்சியத் திருப்புது. என் கை என்ன அவ்வளவு கேடா? எழுபது நாள் ஆச்சு. எழுபது நாள் ஒரு உயிர் எப்படித் தாங்கும். அவ நம்பி விட்டுட்டுப் போனா. நான் அவளை வாசல்லயே நிக்க வெச்சுக் கத்தினேன், ஒரு வாய் தண்ணிகூடக் கொடுக்கல — அவளுக்கும் கொடுக்கல, இதுக்கும் கொடுக்க முடியல —

மேலே எழுதியதைப் போனிலும் ஏறக்குறைய இதே வார்த்தைகளில் சொல்லிவிட்டேன். அழுதேன். அவளும் அழுதாள் என்று நினைக்கிறேன். மூக்கு அடைத்த குரலில் பேசினாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா? கடையிலிருந்து வந்து, எலி காட்டுறதுக்கு முன்னாடி குளிக்கிறியா, பின்னாடியா?"

"பின்னாடிதான். எலி நாத்தம் போகணுமே."

"உன்மேல கடை வாசனை இருக்கும்மா. அந்தக் கறை எடுக்கிற மருந்து, துணிக்குப் போடற வாசனை... நமக்குப் பழகிடுச்சு. அவனுக்கு நாக்குலதான் வாசனை தெரியும். எலி வாசனைக்குப் பதிலா உன் லாவண்டர்தான் தெரியுது அவனுக்கு. அடுத்த தடவை முதல்ல குளிச்சிட்டு வா. வாசனை இல்லாத சோப்பு."

ஒன்றரை மாதமாகத் தினம் ஒரு யோசனை சொன்னவள், இதை முதல் நாளே சொல்லியிருக்கக்கூடாதா?

பத்தொன்பது வருடம். பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் "என்ன வாசனைங்க, நல்லா இருக்கே" என்று கேட்கும்போதெல்லாம் பூரித்துப் போயிருக்கிறேன். ஒரு பாம்புக்கு மட்டும் குமட்டியிருக்கிறது.

மே 2

சாப்பிட்டது!

சாப்பிட்டது சாப்பிட்டது சாப்பிட்டது.

கடையிலிருந்து வந்ததும் நேராகக் குளியலறை. வாசனை இல்லாத சோப்பு இரண்டு தடவை, தலைக்கும் அதுவே, முடி துடைப்பக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. கடைக்குப் போட்டுக்கொண்டு போகாத பழைய உடுப்பு. எலியை இளக்கி, துடைத்து, நீட்டினேன். முகத்தைத் திருப்பவில்லை. நாக்கு ஒரு தடவை, இரண்டு தடவை. கழுத்தில் ஒரு வளைவு. அடுத்த கணம் — நான் பார்க்கவே இல்லை, இடுக்கி என் கையில் ஒரு துள்ளு துள்ளியது, எலி அங்கே இல்லை. இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டது. பிறகு நிதானமாக, தாடையை இந்தப் பக்கம் ஒரு நகர்த்து, அந்தப் பக்கம் ஒரு நகர்த்து. முடித்ததும் ஒரு கொட்டாவி, கலைந்த தாடையைச் சரிசெய்துகொள்ள. அந்தக் கொட்டாவியைப் பார்த்து நான் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று கைதட்டினார். பேய் அறைந்தவர் போலக் கைதட்டினார் என்றும் எழுத வேண்டும். அவ்வளவு ஆச்சரியம் பாவம்.

மகளைக் கூப்பிட்டேன். அவள் "ஹோ" என்று கத்தினாள். அங்கே வேறு யாரோ "என்னாச்சு" என்று கேட்க, "எங்கம்மா! எங்கம்மா கையால சாப்பிட்டுட்டான்!" என்று அவர்களிடம் சொன்னாள்.

எங்கம்மா.

பிறகு போனை வைக்கும் நேரம் வந்தது. இனி என்ன சாக்கு என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. இரண்டு பேரும் சும்மா போனைப் பிடித்துக்கொண்டிருந்தோம். "நாளைக்குச் செரிச்சுதான்னு கேக்கறேன்" என்றாள். "கேளு" என்றேன்.

மே 10

இவ்வளவு நாள் பட்டினி கிடந்த உடம்பாயிற்றே, ஒரு தடவை கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடலாம் என்று நேரம் வாங்கியிருந்தேன். பாம்பைத் தலையணை உறையில் விட்டு, உறையின் வாயை முடிச்சுப் போட்டு எடுத்துப்போக வேண்டும் என்று இருபதாம் பக்கம். போகிற வழியில் கடைச் சாவியைக் கொடுக்க வேண்டியிருந்தது. இவர் காரில் இருந்தார். வெயிலில் காருக்குள் அதை வைக்க மனமில்லாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைக்குள் போனேன். சாவி கைப்பையின் அடியில். ஒரே நிமிடம்தான், உறையை மேஜைமேல் வைத்தேன்.

எங்கள் கடையில் மேஜைமேல் வைத்த எதுவும் அரை நிமிடம் சும்மா இருக்காது. இஸ்திரி அண்ணன் பழக்கதோஷத்தில் தூக்கித் தராசில் வைத்துவிட்டார். "ஒண்ணு அறுநூத்தி நாப்பது" என்று சொல்லிக்கொண்டே சீட்டில் எழுதினார். "ஒரு உறைக்கு இவ்வளவு கனமா? ஈரத்துணியா அக்கா?" பிறகு, குரல் மாறி, "அக்கா... துணி திரும்பிப் படுக்குது."

அவரை நாற்காலியில் உட்கார வைத்து, விசிறி, தண்ணீர் கொடுத்து, சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு காருக்கு வந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகள் நோட்டின் முதல் பக்கத்தில், பிப்ரவரி ஒன்பதாம் தேதி எடை: ஆயிரத்து நானூற்றுப் பத்து கிராம். உறையின் எடையைக் கழித்தாலும்! தின்றது ஒரே ஒரு எலி, கைக்குள் அடங்குகிற எலி.

"ஏங்க, பட்டினி கிடந்தா எடை ஏறுமா?"

கார் நின்றுகொண்டிருந்தது, எஞ்சினே போடவில்லை. இவர் கால் பிரேக்கை அழுத்தியது.

"எத்தனை?" என்றேன்.

"அஞ்சு."

"அஞ்சுமா?"

"நீ கொடுத்ததுதான். முதல் தடவை குப்பையில போடத்தான் போனேன். பாவமா இருந்துச்சு."

"பாம்பா?"

"எலி. அவ்வளவு தூரம் இளக்கி, துடைச்சு... வீணாப் போகுதேன்னு. நீ குளிக்கப் போயிட்ட. சும்மா நீட்டிப் பாத்தேன். லபக்னு பிடிச்சிட்டாரு."

"பயமா இல்லையா உங்களுக்கு?"

"இருந்துச்சு. ரெண்டாந்தடவை கொஞ்சம் கம்மி."

அப்போது நான் பேசிய பேச்சு இங்கே வேண்டாம். காருக்குள் பேசினாலும் மேல்வீட்டு அக்காவுக்கு இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும், அவரிடம் கேட்டுக்கொள்ளலாம். ரெண்டு மாசம் நான் தூங்காமக் கிடந்தேனே, வாயில என்ன வெச்சிருந்தீங்க, கடைசி தடவை நான் முன்னாடியே குளிச்சிட்டதால உங்களுக்கு நேரம் கிடைக்கல, இல்லேன்னா இன்னும் ஆறு, ஏழுன்னு போயிட்டே இருந்திருப்பீங்க இல்ல —

இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மாணவர்கள் தவறு செய்யும்போது கேட்டுக்கொள்கிற அதே முகம்.

"நீ அழுதுட்டே குளியலறையிலிருந்து வந்த. போனை நீட்டினேன். பேசிட்ட. ஒரு மாசம் கழிச்சுப் பேசிட்ட. நடுவுல புகுந்து 'அதெல்லாம் தின்னாச்சு'ன்னு சொல்லச் சொல்றியா?" சாவியைத் திருப்பினார். "எனக்கு நீங்க ரெண்டு பேரும் பேசணும். மாப்பிள்ளை அப்புறம்."

மடியில் உறை ஒரு தடவை புரண்டு படுத்தது.

மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றைத் தடவிப் பார்த்தார். நல்ல ஆரோக்கியம் என்றார். "தீனியைக் கொஞ்சம் குறைங்க" என்றார்.

மே 11

மகளிடம் சொல்லவில்லை. போனில் சொல்கிற விஷயமா? பாவம், எவ்வளவு பயந்திருப்பாள், தினமும் "சாப்பிட்டானா, சாப்பிட்டானா" என்று. அடுத்த வாரம் இரண்டு நாள் லீவில் வருகிறாளாம். நேரில், பக்குவமாகச் சொல்ல வேண்டும். அவள் அப்பாமேல் கோபப்படாதபடி.

மே 17

வந்தாள். மெலிந்திருக்கிறாள். கையில் இரண்டு கீறல், நகத்தில் அழுக்கு, முகத்தில் வங்கியில் வேலை பார்த்த மூன்று வருடத்தில் நான் பார்க்காத ஒரு தெளிவு. வாசலிலேயே நிற்க வைத்து முதலில் தண்ணீர் கொடுத்தேன். முழுக்கக் குடித்தாள். பிறகுதான் உள்ளே விட்டேன்.

மாப்பிள்ளை அவளைப் பார்த்து "புஸ்ஸ்" என்றார். என் கைக்கு வந்தார். "மறந்துட்டியாடா" என்றாள். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு திருப்தி என்பதை எழுதினால் அற்பம் என்று படும், அதனால் எழுதவில்லை.

சாப்பிட்ட பிறகு, மடியில் சாய்ந்தவளின் தலையைத் தடவிக்கொண்டே, பக்குவமாக ஆரம்பித்தேன். "உங்கப்பா ஒரு காரியம் பண்ணிட்டாரு. நீ கோபப்படக்கூடாது." எலி, குப்பைத் தொட்டி, என் குளியல், ஐந்து தடவை, எல்லாம் சொன்னேன். அவள் தலை என் மடியில் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கன்னத்தைத் துடைக்கப் போனேன். ஈரமே இல்லை. சிரிக்கிறாள். வீட்டுக்காரர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

அவள் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். இடுக்கி, அதைப் பிடித்திருக்கும் இவருடைய கட்டைவிரல், மாப்பிள்ளையின் வாயோரம் ஒரு வால். அப்பா அனுப்பியது. அனுப்பிய தேதி மார்ச் 9. இரவு எட்டு பதினான்கு.

என் போனிலும் தேடிப் பார்த்தேன். அன்று நான் அவளை அழைத்தது எட்டரைக்கு.